செம்மரமும் மென்மரமும்: இரு நாடுகளின் மர வாணிகம்

சித்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மொகிலிக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறி மேட்டு நிலத்தை அடைகிறது. வெயிலின் கடுமை தணிந்து காற்றில் சற்றே குளிர்ச்சி தட்டும்பொழுது பலமனேர் வந்துவிட்டது என்று பயணிகள் அறிந்துகொள்வர். மேற்கே முல்பாகலும் கோலாரும்; தெற்கே கௌண்டின்ய ஆறு இறங்கிச் செல்லும் குடியாத்தம்; வடகிழக்கே, தொலைவில், திருப்பதி மலைத்தொடர். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் ஊர் இது. தக்காளிக் கூடையைத் தெலுங்கில் இறக்கி, தமிழில் எண்ணி, கன்னடத்தில் கணக்குத் தீர்ப்போரை இங்கே காணலாம்.

1911 ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும்வரை பலமனேர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது சித்தூர் அதனோடு சேர்ந்தது. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் சென்று பிற மாநிலத்தவர் ஆனவர் பலர். ஆனால் இப்பகுதித் தமிழரோ வீட்டு வாசலைவிட்டு ஓர் அடியும் நகராமலே பிற மாநிலத்தவர் ஆயினர். நாம் அமர்ந்திருந்த இடத்திலேயே எல்லைக்கோடு நம்மைக் கடந்து சென்றது எனலாம்.

எல்லைக்கோட்டை மனிதர் வரைகின்றனர். மரங்கள் அதனை அறிவதில்லை. வாணிகமும் பெரிதாக மதிப்பதில்லை. இவ்வூர் வழியே இரவும் பகலும் ஓடும் பார வண்டிகளை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். தென்னாட்டு மரவாடிகளில் இன்று நியூசிலாந்தின் ஊசியிலை மரம் கிடைக்கிறது. திருப்பதி மலையின் செம்மரமோ கள்ளத்தனமாகச் சீனத்தின் கூடங்களைச் சென்று சேர்கிறது. ஒன்று மலிந்த மரம். மற்றொன்று பொன்னைப் போல் எடைபோட்டு விற்கப்படும் மரம். ஒன்று சட்டத்தின் துணையோடு கடலைக் கடக்கிறது. மற்றொன்று சட்டத்தின் கண்ணைக் கட்டிவிட்டுக் கடக்கிறது.

இவ்விருவகை மரத்தையும் உலகச் சந்தையில் பெருமளவு வாங்கிய நாடுகள் என இரண்டைக் குறிப்பிடலாம். அவை ஜப்பானும் சீனமும் ஆகும். அவ்விரு நாடுகளின் மர வாணிக வரலாற்றை ஒப்பிட்டு நோக்கினால், வாங்குவோரின் தேவை விற்போரின் மலையை எவ்வாறு மாற்றுகிறது என்பது புலனாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்மரம் எது, வன்மரம் எது?

மரவாணிகர் மென்மரம் என்று வழங்குவது தொட்டால் மென்மையாக இருக்கும் மரம் அன்று. ஊசி போன்ற இலையும் கூம்பு வடிவான காயும் உடைய பைன், தேவதாரு முதலிய இனங்களுக்கே மென்மரம் என்பது பெயர். அகன்ற இலையுடைய தேக்கு, வேங்கை, மா முதலியன வன்மரங்கள். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் பரந்து நிற்கின்றன. அவை நேராக வளர்வன, எளிதில் அறுபடுவன, ஆணி ஏற்பன. ஆதலின் வீடு கட்டவும், பெட்டி செய்யவும், கட்டடத்திற்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கவும், காகிதக் கூழ் ஆக்கவும் உலகம் அவற்றையே நாடுகிறது.

செம்மரம் வன்மரங்களுள்ளும் வன்மையானது. செஞ்சந்தனம் என்றும் இதனை வழங்குவர். எனினும் மணமுள்ள சந்தனத்தோடு இதற்கு இனத் தொடர்பு இல்லை. நம் இலக்கியங்களில் பயின்று வரும் வேங்கை மரத்தின் உடன்பிறப்பு என்றே இதனைக் கூறவேண்டும். தாவர நூலார் இரண்டையும் ஒரே குடும்பத்தின் ஒரே பேரினத்தில் அடக்குவர். இதன் வைரம் தண்ணீரில் இட்டால் மிதவாமல் மூழ்கிவிடும். உலகில் இயற்கையாக இது வளரும் இடம் மிகச் சிறிது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் ஆகிய பகுதிகளின் வறண்ட பாறைச் சரிவுகளே இதன் தாயகம். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ்நாட்டின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கட மலையும் அத்தாயகத்தின் நடுவே நிற்கிறது.

இவ்விருவகை மரத்துக்கும் உள்ள பெரும் வேற்றுமை காலத்தில் இருக்கிறது. நியூசிலாந்தில் நடப்படும் ரேடியாட்டா பைன் இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் வெட்டும் பருவத்தை எய்துகிறது. செம்மரமோ அத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரே வாணிகர் விரும்பும் வைரத்தைத் திரட்டத் தொடங்குகிறது. மலைச் சரிவில் பருத்து நிற்கும் ஒரு செம்மரம் பாட்டன் காலத்தில் முளைத்ததாக இருக்கலாம். அதனை வெட்டச் சில நாழிகை போதும். இக்கணக்கை நினைவில் கொண்டால் பின்னர்க் கூறப்போவன எளிதில் விளங்கும்.

சாயத்திற்கு விற்ற மரம்

மர வாணிகம் நமக்குப் புதியது அன்று. மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. செம்மரமும் நெடுங்காலமாகக் கடல் கடந்து சென்ற பண்டமே. இடைக்கால ஐரோப்பாவில் இதன் தூள் உணவுக்கு நிறமூட்டவும் ஆடைக்குச் சாயம் ஏற்றவும் பயன்பட்டது. மருந்துக் கடையிலும் அதற்கு இடம் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டினர். 1639 இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் ஒரு மணல்திட்டைப் பெற்றனர். அந்நிலத்தை அளித்த நாயக்கர், சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்ட விசயநகர மரபினர்க்கு அடங்கியவர். சந்திரகிரிக் கோட்டையோ செம்மரக் காடுகளின் அடிவாரத்திலேயே நிற்கிறது. ஆகவே சோழமண்டலக் கரையின் துணி மூட்டைகள் ஏறிய அதே கப்பல்களில் செம்மரக் கட்டைகளும் ஏறின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலை மாறியது. 1856 இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தொடர்ந்து சாயத் தொழிற்சாலைகள் பெருகின. அவுரியும் செம்மரமும் வேறுபல இயற்கைச் சாயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விலை இழந்தன. சாயத்தின் பொருட்டு மேற்கு நாடுகள் நாடிய மரத்தை இனி யார் நாடுவர் என்ற நிலை ஏற்பட்டது. அவ்வினாவிற்குக் கிழக்கிலிருந்து விடை வந்தது.

ஜப்பான்: இசைக்கருவியும் வீட்டுத் தூணும்

ஜப்பானியரின் இசைக் கருவிகளுள் சாமிசென் என்பது ஒன்று. மூன்று நரம்புகளும் நீண்ட தண்டும் உடையது. பதினாறாம் நூற்றாண்டில் ரியூக்யூத் தீவுகளின் வழியாக அந்நாட்டை அடைந்தது. நரம்பின் இழுப்பைத் தாங்கி வளையாமல் நிற்கும் தண்டுக்கு மிக உறுதியான மரம் வேண்டும். அதற்குச் செம்மரமே தலைசிறந்தது என்று ஜப்பானியக் கம்மியர் கண்டனர். அதிலும் அலை அலையாக வரியோடிய கட்டையையே அவர்கள் தேடினர். மிகச் சில மரங்களே அத்தகைய வரியைக் கொண்டிருக்கும். ஆதலின் ஜப்பானின் செம்மரத் தேவை தரத்தில் கடுமையானதாயினும் அளவில் சிறிதாகவே இருந்தது.

செம்மரத்தைக் கைப்பிடியளவாக வாங்கிய அந்நாடு மென்மரத்தை மலை மலையாக வாங்கியது. அதன் வரலாறு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. எனினும் போர்க்காலத்தில் அக்காடுகள் பெரிதும் வெட்டப்பட்டன. போர் முடிந்தபின் எரிந்து கிடந்த நகரங்களை மீண்டும் எழுப்ப மரம் வேண்டியிருந்தது. 1950 களில் அரசும் மக்களும் மொட்டை மலைகளில் சுகி என்னும் மரத்தையும் ஹினோகி என்னும் மரத்தையும் பெருமளவில் நட்டனர். அக்கன்றுகள் தூணாவதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வீடில்லாதவர் அத்துணைக் காலம் காத்திருப்பாரோ? ஆதலின் 1960 களில் ஜப்பான் மர இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது.

அக்காலத்தில் இயற்கையும் அதற்கு ஒரு வகையில் துணை செய்தது. 1962 அக்டோபர் 12 ஆம் நாள் அமெரிக்காவின் பசிபிக் கரையில் அடித்த பெரும்புயல் ஆரகன், வாஷிங்டன் மாநிலங்களில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தை வண்டு அரிக்குமுன் விற்றாக வேண்டும். வாங்க ஜப்பான் இருந்தது. அன்று பெருகிய தடிமர வாணிகம் பின்னர் நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் ஊசியிலை மரமும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வெப்ப மண்டல மரமும் சென்று குவிந்தன. 1970 களின் தொடக்கத்தில் ஜப்பான் ஆண்டொன்றுக்கு 4 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட தடிமரத்தை இறக்குமதி செய்தது.

மலிவான மரம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தபொழுது, நட்டு வளர்த்த சொந்தக் காடு கவனிப்பாரின்றிக் கிடந்தது. தன் மரத் தேவையில் ஜப்பான் தானே நிறைவு செய்த பங்கு 2002 இல் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. வெட்டப்படாது முதிர்ந்த சுகி மரங்கள் இளவேனிலில் சொரியும் மகரந்தத்தால் நகர மக்கள் பெருந்தொகையினர் தும்மலும் கண்ணெரிச்சலும் உற்று வருந்துவதும் வழக்கமாயிற்று. பின்னர் நிலைமை மெல்லத் திரும்பியது. பாட்டன்மார் நட்ட மரம் வெட்டும் பருவம் எய்தியது. 2020 இல் அந்நாடு தன் தேவையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தன் காட்டிலிருந்தே பெற்றது. தடிமர இறக்குமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதபடி சுருங்கிற்று.

சீனம்: அரண்மனை இருக்கையும் சென்ட்ரிங் பலகையும்

சீனத்தில் செம்மரத்தின் பெருமை வேறு வகைப்பட்டது. அங்கே இதனை ட்ஸுதான் என்பர். மிங், சிங் மரபு அரசர்களின் காலத்தில் அரண்மனை இருக்கைகளும் மேசைகளும் பேழைகளும் இம்மரத்தால் இழைக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்ட சியன்லுங் பேரரசரின் அவையில் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. அரசர் இருந்த இருக்கையின் மரம் என்ற புகழ் ஒரு பண்டத்திற்குக் கிடைத்துவிட்டால் அதன் விலைக்கு வரம்பு ஏது?

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தில் செல்வர் பெருகினர். 1999 இல் பெய்ஜிங்கில் செம்மரப் பொருள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2000 இல் அந்நாட்டரசு உயர்ந்த செந்நிற மரங்கள் இவை என்று வரையறுத்து ஒரு தரப் பட்டியலை வெளியிட்டது. அதில் நம் மலையின் மரம் தனிச்சிறப்புடன் இடம்பெற்றது. முன்னாளில் அரசர்க்கு மட்டும் உரியதாயிருந்த இருக்கையை இப்பொழுது பணம் படைத்த ஒவ்வொருவரும் தம் கூடத்தில் இட விரும்பினர். ஜப்பானியர் ஒரு கருவிக்கு ஒரு தண்டு கேட்டனர். சீனரோ அறை நிறையக் கட்டில், மேசை, நாற்காலி கேட்டனர். இவ்வளவு வேற்றுமையே சேஷாசல மலையின் தலைவிதியை மாற்றிற்று.

மென்மரத்தில் சீனத்தின் வரலாறு 1998 இல் திரும்புகிறது. அவ்வாண்டு யாங்ட்ஸி ஆறு பெருகி மூவாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஆற்றின் தலைப்பகுதியில் காடுகள் அழிந்ததும் வெள்ளத்திற்கு ஒரு காரணம் என்று அரசு முடிவு செய்து, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கத் தொடங்கியது. 2017 அளவில் நாடு முழுவதிலும் இயற்கைக் காடுகளில் வாணிகத்திற்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஆனால் கட்டடங்கள் உயர்வது நிற்கவில்லையே! 1999 இல் தடிமரத்தின் மீதிருந்த சுங்கவரி நீக்கப்பட்டது. ரஷ்ய எல்லையிலுள்ள மாஞ்சௌலி, சூய்பென்ஹ ஆகிய ஊர்களின் வழியே புகைவண்டி புகைவண்டியாகச் சைபீரிய மரம் இறங்கிற்று. தெற்கே நியூசிலாந்திலிருந்து கப்பல் கப்பலாகப் பைன் வந்தது. 2021 இல் சீனம் இறக்குமதி செய்த ஊசியிலைத் தடிமரம் ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர். பின்னர் வீட்டு மனைத் தொழில் தளர்ந்தபொழுது 2023 இல் அது 3 கோடிக்கும் குறைந்தது.

இரு நாடுகளையும் ஒப்பிட்டால் ஒற்றுமையும் வேற்றுமையும் தெளிவாகின்றன. இரண்டும் தம் காடு மெலிந்தபொழுது பிறர் காட்டை நாடின. ஜப்பான் தன் மலையில் கன்று நட்டுவிட்டு, அது வளரும்வரை பிறரிடம் வாங்கிற்று. சீனமும் பெருமளவில் மரம் நட்டுவருகிறது. எனினும் அதன் கட்டடப் பெருக்கத்துக்கு அது போதவில்லை. இதில் மற்றொரு விந்தையும் உண்டு. ஜப்பானின் கியூஷூத் தீவில் முதிர்ந்த சுகி மரம் இன்று தடிமரமாகவே சீனத்திற்குக் கப்பலேறுகிறது. நேற்று வாங்கியவர் இன்று விற்பவர் ஆயினர். நடுபவனுக்கு என்றேனும் ஒரு நாள் முறை வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விற்றவர் செய்தது என்ன?

வாங்கியவர் வரலாற்றைக் கண்டோம். விற்றவர் வரலாறு அதனினும் நமக்குப் பயன் தருவது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் தடிமரம் கப்பலேறுவதைக் கண்டு அறுவை ஆலைத் தொழிலாளர் கவலை கொண்டனர். மரத்தை அறுத்துப் பலகையாக்கி அனுப்பினால் கூலி உள்ளூரில் தங்கும். தடியாகவே அனுப்பினால் கூலியும் தடியோடு கடலைக் கடந்துவிடும் என்பது அவர்கள் வாதம். 1968 இல் அந்நாட்டுப் பேரவை, கூட்டரசுக்கு உரிய காடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் தடிமரத்துக்கு அளவு விதித்தது. 1973 இல் மேற்குப் பகுதியின் அக்காடுகளிலிருந்து தடிமர ஏற்றுமதி அறவே தடுக்கப்பட்டது. தனியார் காட்டு மரம் தொடர்ந்து சென்றது.

ரஷ்யாவும் அதே வாதத்தைக் கைக்கொண்டது. 2007 இல் தடிமர ஏற்றுமதி வரியை நூற்றுக்கு இருபதாகவும் 2008 இல் இருபத்தைந்தாகவும் உயர்த்தியது. 2022 சனவரி முதல் ஊசியிலைத் தடிமர ஏற்றுமதியையே தடைசெய்தது. எல்லையில் சீனத்துப் பக்கம் இருந்த ஆலைகளின் வேலை தம் பக்கம் வரவேண்டும் என்பதே அதன் கருத்து.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. தன் இயற்கைக் காட்டைக் காத்துக்கொண்டு, கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட ரேடியாட்டா பைனைத் தோட்டமாக நட்டது. விற்பது நட்ட மரம். நிற்பது பிறந்த மரம் என்ற பாகுபாட்டை அந்நாடு செய்துகொண்டது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. செங்குத்தான மலைகளில் வெட்டி எஞ்சிய கழிவு மரங்கள் 2023 பிப்ரவரியில் வீசிய கேப்ரியல் புயலில் அடித்துவரப்பட்டு, பாலங்களையும் வயல்களையும் சிதைத்தன. ஆயினும் அங்கே மரம் வெட்டுபவன் திருடன் அல்லன். அவன் கூலி பெறும் தொழிலாளி. இவ்வொரு வேற்றுமையை மனத்திற் கொண்டு நம் மலைக்குத் திரும்புவோம்.

சேஷாசலத்தில் நேர்ந்தது

செம்மரம் அருகிவருவதை உணர்ந்த இந்திய அரசு அதன் ஏற்றுமதியைத் தடுத்தது. 1995 இல், அழிந்துவரும் உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. 1989 இல் வேங்கட மலையில் தேசியப் பூங்காவும், 2010 இல் 4,755 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் சேஷாசல உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் விலை ஏறிக்கொண்டே சென்றது. வழி அடைபட்டு விலை மட்டும் உயர்ந்தால், கள்ள வழி ஒன்று தோன்றுவது வாணிகத்தின் இயல்பு. சென்னைத் துறைமுகத்தில் வேறு பண்டங்கள் என்று பெயரிட்ட பெட்டிகளுக்குள் செம்மரக் கட்டைகள் பலமுறை அகப்பட்டன. துபாய், ஹாங்காங், நேபாளம் எனப் பல வாயில்கள் பேசப்பட்டன.

இக்கள்ள வாணிகத்தின் அடித்தளத்தில் கோடரி தூக்கியவர் யார்? அவர்கள் சீனத்து வாணிகர் அல்லர். நகரத்து இடைத்தரகரும் அல்லர். சவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆகியவற்றின் சிற்றூர்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழரே அவர்களுள் பெரும்பாலோர். மரம் ஏறவும் வெட்டவும் சுமக்கவும் அறிந்த மலைவாழ் மக்கள். மழை பொய்த்து, கூலி கிடையாத காலத்தில் ஒரு நாள் வேலைக்கு ஆயிரக்கணக்கில் தருவதாகச் சொன்னவரை நம்பிப் புறப்பட்டவர். பெங்களூர்ப் பட்டறையில் கட்டட வேலை என்று கேட்டு வண்டியேறிக் காட்டில் இறக்கப்பட்டவரும் உண்டு.

மரத்தின் விலை ஏற ஏற மலையில் வன்முறையும் ஏறிற்று. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் கடமையிலிருந்த வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 ஆம் நாள் விடியற்காலையில், சந்திரகிரியை அடுத்த காட்டுப் பகுதியில் செம்மரக் கடத்தலைத் தடுக்கும் சிறப்புக் காவல்படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் இறந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இறந்தவரின் உறவினரும் மனித உரிமை அமைப்பினரும் அதனை மறுத்தனர். தேசிய மனித உரிமை ஆணையம் அதில் தலையிட்டது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலையூர்களில் ஒரே நாளில் பல குடும்பங்கள் தலைவரை இழந்தன. காட்டைக் காத்த வன அதிகாரியின் வீட்டிலும், காட்டை வெட்டிய கூலியாளின் வீட்டிலும் எழுந்த அழுகுரல் ஒன்றே. அக்கட்டை சென்று சேரும் கூடத்தில் அக்குரல் கேட்பதில்லை.

செம்மரத்தைப் பற்றி நம் ஊர்களில் வழங்கும் ஒரு கதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அணு உலையின் கதிர்வீச்சைத் தடுக்க ஜப்பான் இதனை வாங்குகிறது என்று டீக்கடையிலும் பேருந்திலும் சொல்லக் கேட்கிறோம். அதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. அணு உலைக்கு அரண் கற்காரையும் ஈயமும் நீருமே. ஓர் இசைக்கருவியின் தண்டுக்கும் ஒரு செல்வரின் நாற்காலிக்கும் இத்தனை உயிர் பலியாகுமா என்று நம்ப மறுக்கும் எளிய மனம், அதற்கு ஒரு பெரிய காரணத்தைக் கற்பித்துக்கொண்டது போலும்! உண்மைக் காரணம் அதனினும் சிறியது. ஆதலின் அதனினும் கொடியது.

இனிச் செய்யத்தக்கது

தடை வேண்டுமா, வேண்டாவா என்று கேட்பது முறையான வினா ஆகாது. தடையில்லாதிருந்தால் இன்று மலையில் ஒரு செம்மரமும் எஞ்சியிராது. தடை மட்டும் போதுமா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. மென்மர வாணிகத்தின் வரலாறு அதற்கு மூன்று பாடங்களை வழங்குகிறது.

முதற் பாடம், விற்பது நட்ட மரமாக இருக்க வேண்டும் என்பது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் உழவர் பலர் தம் நிலத்தில் செம்மரம் வளர்த்துவருகின்றனர். ஆனால் நட்டு வளர்த்த மரத்தையும் காட்டு மரத்தையும் வாங்குவோர் வேறுபடுத்திக் காண வழி இல்லாதபொழுது, நேர்மையான உழவன் திருடனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறான். 2004 முதல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் தனிக் கண்காணிப்பில் இருந்த இந்தியச் செம்மரம், 2023 நவம்பரில் அக்கண்காணிப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. உழவர் வளர்த்த மரம் நேரிய வழியில் விலைபோக இது கதவைச் சற்றே திறந்துள்ளது. மலிந்த விலைக்கு மரம் கிடைக்கும் நேர்வழி அகலுமானால் கள்ளவழி தானே குறுகும்.

இரண்டாம் பாடம், கூலி உள்ளூரில் தங்க வேண்டும் என்பது. அமெரிக்கரும் ரஷ்யரும் தடிமரத்தை நிறுத்திப் பலகையை விற்க முயன்றதன் பொருள் இதுவே. பறிமுதலான செம்மரக் கட்டை எட்டாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்ய 2013 இல் ஆந்திர மாநிலம் இசைவு பெற்றது. 2014 இறுதியில் ஏலமும் தொடங்கியது. அரசுக்குப் பெரும்பொருள் வந்தது. அக்கட்டையைக் கடைந்தும் இழைத்தும் பொருளாக்கும் தொழில் இம்மலையடிவாரத்தில் வளர்ந்திருந்தால், சவ்வாது மலை இளைஞன் கோடரிக்குப் பதில் உளியை எடுத்திருப்பான் அல்லவா? திருச்சானூர்ப் பக்கத்தில் செம்மரப் பொம்மை செதுக்கும் கம்மியர் இன்றும் உள்ளனர். கைத்திறன் இல்லாமற் போகவில்லை. அதற்கு முறையாக மரம் கிடைப்பதுதான் அரிது.

மூன்றாம் பாடம், வாங்குபவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது. ஜப்பான் 2016 இல் ஒரு சட்டம் இயற்றி, மர வாணிகர் தாம் வாங்கும் மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று ஆராயும் முறையை 2017 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. சீனம் 2019 இல் திருத்திய வனச் சட்டத்தில், களவு மரம் என்று தெரிந்தே அதனை வாங்குவதையும் பதப்படுத்துவதையும் தடைசெய்தது. 2020 சூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஏட்டில் எழுதியது கடைத்தெருவரை சென்று சேர்கிறதா என்பதை இனி வரும் ஆண்டுகள் காட்டும். எனினும் காட்டைக் காப்பது காடுள்ள நாட்டின் வேலை மட்டுமே என்ற பழைய எண்ணம் மாறத் தொடங்கியிருப்பது நன்று.

மீண்டும் பலமனேர்ச் சாலைக்கே வருவோம். அந்திவேளையில் கௌண்டின்யக் காட்டு விளிம்பில் யானைக் கூட்டம் நடமாடும். 1990 இல் அக்காடு யானைகளுக்கெனச் சரணாலயம் ஆனது. யானைக்கும் எல்லைக்கோடு தெரியாது. ஒரே இரவில் மூன்று மாநிலத்து மண்ணையும் மிதித்துச் செல்லும். அச்சாலையில் பெங்களூரை நோக்கி ஒரு பேருந்து விரைகிறது. அதில் ஒரு மலையூர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். அவன் எங்கே செல்கிறான்? கட்டட வேலைக்கா, அன்றிக் காட்டு வேலைக்கா? அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலம் வந்தவர் நாம். முதல் நாள் பேருந்து நிலையத்தில் இறங்கியபொழுது நம்மை நல்ல இடத்திற்கு அழைத்துச் சென்ற ஒருவர் நம் ஒவ்வொருவர்க்கும் இருந்தார். அவர் மாமனாக இருக்கலாம், ஊர்க்காரராக இருக்கலாம், முன்பின் அறியாத தமிழராகவும் இருக்கலாம். இவ்விளைஞனுக்கு அவ்வாறு ஒருவர் வாய்க்காமற் போனால், தரகன் முந்திக்கொள்வான். ஜப்பானின் தேவையையும் சீனத்தின் விலையையும் நம்மால் மாற்ற இயலாது. வழியில் நிற்பவனிடம் "தம்பி, எங்கே வேலைக்குப் போகிறாய்? யார் கூப்பிட்டார்கள்?" என்று கேட்க நம்மால் இயலும். மலையில் நிற்கும் மரத்தையும் மலையிலிருந்து வரும் மனிதனையும் ஒருசேரக் காப்பதற்கு அக்கேள்வி ஒரு தொடக்கம் ஆகும்.